35 நாள் குட்டியும் மதிலோரத்துச் சாளைத் தலையும்

தக்கலைக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு வாசகி மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 31, தனியார் பள்ளி ஆசிரியை. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை ஐந்துக்கு வீடு திரும்புகிறார். கணவருக்கு 36, நாகர்கோவிலில் வங்கி வேலை. பஸ்ஸில் போய்வருவதால் வீடு சேர இரவு ஏழரை ஆகிவிடும். கல்யாணமாகி நான்கு வருடம். குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் ஒரு நாய் வேண்டும் என்பது இவருடைய நெடுநாள் ஆசை. பிறந்த வீடு அருமனைப் பக்கம்; ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் நாயோடு வளர்ந்தவர். கணவர் கதை வேறு. எட்டு வயதில் நாய் கடித்து, வயிற்றைச் சுற்றி ஊசி போட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் எதிரே நாய் வந்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவாராம். ஒரு வருடம் பேசிப் பேசி, போன மாதம்தான் "உன் இஷ்டம்" என்று சொல்லியிருக்கிறார்.

அதை நம்பி வாசகி, மார்த்தாண்டத்தில் ஒரு புரோக்கரிடம் லாப்ரடார் குட்டிக்கு 2,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். குட்டிக்கு வயது 35 நாள். கல்யாண நாளன்று கணவருக்குத் தெரியாமல் கொண்டுவந்து நிறுத்துவது திட்டம். மாமியார் "நாய் முடி வயிற்றுக்குள் போனால் கரு தங்காது" என்கிறார். மாடியில் குடியிருக்கும் வீட்டு உரிமையாளர் அக்கா "பாத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். என்னென்ன வாங்கி வைக்க வேண்டும், என்னென்ன ஊசி போட வேண்டும், மாமியார் சொல்வது உண்மையா என்பவை கேள்விகள். கடைசிப் பத்தியில், போகிற போக்கில், இதையும் எழுதியிருக்கிறார்:

"எங்க காம்பவுண்டுக்குள்ள ஒரு செவலைப் பெட்டை நாய் ரெண்டு வருஷமா வந்து போகுது. போன ஐப்பசியில கார் ஷெட்டுல நாலு குட்டி போட்டுது. எல்லாமே ரெண்டு மாசத்துக்குள்ள ரத்தபேதி வந்து செத்துப்போச்சு. இவரு வேற தினமும் ராத்திரி மதிலுக்கு உள்ளே நின்னுகிட்டு அதுக்கு சாளை மீன் தலையை வெளியே வீசுறாரு. நம்ம குட்டி வர்றதுக்குள்ள இதை எப்படி விரட்டுறது? முனிசிபாலிட்டியில சொன்னா பிடிச்சிட்டுப் போவாங்களா?"

சகோதரி,

சாமான் பட்டியலைத்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் தொந்தரவு என்று எழுதிய அந்த ஆறு வரியில்தான் இந்தக் கடிதத்தின் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது.

கார் ஷெட்டு மண்

நான்கு குட்டிகளும் ரத்தபேதியில் செத்தன என்கிறீர்கள். பார்க்காத நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. ஆனால் தடுப்பூசி போடாத குட்டிகள் இரண்டு மாத வயதில் இப்படிக் கூட்டத்தோடு போனால், கால்நடை மருத்துவர் யாராக இருந்தாலும் முதலில் நினைப்பது பார்வோ வைரஸைத்தான். இது மலத்தோடு வெளியே வந்து மண்ணில் தங்கும். வெயில் படாத ஈரமான இடமென்றால் மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலும்கூடத் தாங்கும். தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் நனைக்கிற மாவட்டம் நம்முடையது. கார் ஷெட்டின் நிழல் வேறு. பினாயிலுக்கும் டெட்டாலுக்கும் இந்த வைரஸ் அசராது. சிமெண்ட் தரை என்றால் ஒரு பங்கு குளோரின் பிளீச்சை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். மண்ணைக் கழுவ வழியில்லை.

இந்த மண்ணில்தான் ஐந்து வாரக் குட்டியை இறக்கிவிடப் பார்க்கிறீர்கள். பார்வோ, டிஸ்டெம்பர் முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வார வயதில் தொடங்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி குறைந்துகொண்டே வரும். ஆனால் அது மிச்சம் இருக்கிறவரை ஊசி முழுதாகப் பிடிக்காது. இரண்டுக்கும் இடையில் சில வாரம் குட்டி வெறுங்கையோடு நிற்கும். பார்வோ புகுவது அந்த வாரங்களில்தான். "முதல் ஊசி போட்டாச்சு மேடம்" என்று புரோக்கர் சொன்னால் அதில் பாதிகூட நிம்மதி கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆப்பிள் அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து ஒரு குட்டியை என்னிடம் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். உங்களைப் போலவே ஒரு இளம் தம்பதி. வாங்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. பெட்டியைத் திறக்கும் முன்பே அந்த வாடை வந்துவிட்டது. ரத்தமும் அழுகலும் கலந்த அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்துவிட்டால் மறக்காது. முன்னங்காலில் நரம்பு வாடிப்போய் ஊசி ஏற மறுத்தது. நாலு நாள் டிரிப் ஏற்றினோம். ஐந்தாம் நாள் விடியும் முன்பே முடிந்துவிட்டது. அந்தப் பெண் அழுதுகொண்டு நின்றார். கணவர் தரையைப் பார்த்தபடி "நான்தான் அப்பவே வேண்டாம்னு சொன்னேனே" என்றார். குட்டியை விடுங்கள், அந்த வார்த்தை அவர்கள் வீட்டில் எத்தனை நாள் நடமாடியதோ என்றுதான் நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

எனவே என் முதல் பதில்: குறைந்தது ஒரு வருடத்துக்கு உங்கள் காம்பவுண்டில் குட்டி நாய் வேண்டாம். லாப்ரடாரும் வேண்டாம், நாட்டுக் குட்டியும் வேண்டாம்.

"சின்னதா எடுத்தாத்தான் ஒட்டும்"

கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள். ஊர் முழுக்கச் சொல்வதுதான், ஆனால் தப்பு. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் கூடப்பிறந்தவைகளிடம்தான் படிக்கிறது. ஒன்றை ஒன்று கடித்து, அது கத்தி, தாய் வந்து அதட்டி, இப்படி ஐந்து வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் நடக்கிற பாடம் அது. 35 நாளில் பிடுங்கிக்கொண்டு வந்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் கையில் படிக்கும். நாய்க்கடி பயம் உள்ள ஒருவர் இருக்கும் வீட்டுக்கு இது நல்ல ஆரம்பம் இல்லை.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளே சொல்கின்றன. வளர்த்து விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். பிறகு ஏன் 35 நாளில் தள்ளிவிடுகிறார்கள்? அந்த வயதில் குட்டி பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும், போட்டோ பார்த்ததும் விலை போகும். அப்புறம் தீனிச் செலவும் முதல் ஊசியும் வாங்கியவர் தலையில். புரோக்கரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், எட்டு வார விதியையும் சொல்லுங்கள். அட்வான்ஸ் திரும்பி வரக்கூடும். வராவிட்டாலும் பரவாயில்லை, கொடுத்த பணத்துக்காகக் குட்டியை எடுத்துவிடாதீர்கள்.

லாப்ரடார் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகளோடு நன்றாகப் பழகும் என்பது உண்மைதான், பழக்கி வளர்த்தால். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைக் குளிரில் உருவான வம்சம் அது. இரட்டை அடுக்கு முடி. நம் ஊர்ப் புழுக்கத்தில் தோல் புண்ணுக்கும் காதுச் சீழுக்கும் என்னிடம் வருகிற நாய்களில் அதற்குத்தான் முதலிடம். வளர்ந்தால் முப்பது கிலோ. உலர் தீனி மட்டும் மாதம் பத்துக் கிலோ அளவுக்கு வேண்டும். வேலை செய்யவென்றே பிறந்த நாயை ஒன்பது மணி நேரம் தனியாகப் பூட்டிவிட்டுப் போனால் அது கதவைத் தின்னும்.

அந்த ஒன்பது மணி நேரம்தான் பெரிய விஷயம். இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளில் நாலு வேளை தீனி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே விடுதல். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை இதை யார் செய்வது? நீங்கள் ஒரு மாதம் லீவு போட முடியாது, அவராலும் முடியாது. மாடி அக்காவைக் கேட்பதற்குள் அந்த "பாத்துக்கலாம்" எதற்குச் சொன்னது என்று தெரிந்தாக வேண்டும். வளர்ந்த நாய் என்றால் கணக்கே வேறு. காலையில் அரை மணி நடை, இரண்டு வேளைச் சாப்பாடு, நிழல், தண்ணீர். அதற்குள் நீங்கள் திரும்பிவிடலாம்.

"உன் இஷ்டம்" என்றால் சம்மதமா?

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதிய விதத்தில் லேசான கேலி தெரிகிறது. எனக்குக் கேலி வரவில்லை. அவருக்கு எட்டு வயது என்றால் 1990களின் கடைசி. அன்றைக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் இருந்தது ஆட்டு மூளையிலிருந்து செய்த தடுப்பு மருந்து. வயிற்றில், தினம் ஒன்றாக, நாய் கடித்த இடத்தைப் பொறுத்துப் பதினாலு வரைகூடப் போடுவார்கள். அந்த மருந்தை இந்தியாவில் 2005 வாக்கில்தான் அடியோடு நிறுத்தினார்கள். எட்டு வயதுப் பையனை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, நாள் தவறாமல் வயிற்றில் ஊசி. அவருக்கு நாய் மேல் பயமா, அந்த ஊசி மேல் பயமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம்.

இப்போது ஊசி கையில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் கடித்த அன்று, பின் 3, 7, 28ஆம் நாள் என நாலு தடவை. தோலைக் கிழித்த கடி என்றால் கடித்த இடத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பு மருந்தும் போடுவார்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உட்பட அரசு மருத்துவமனைகளில் இதற்குக் காசில்லை. கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவருக்குப் பயம் கொஞ்சம் இறங்கும்.

ஆனால் கல்யாண நாளன்று திடீரென்று ஒரு நாயை எதிரே நிறுத்துவதை மட்டும் செய்யாதீர்கள். நமக்குள் "உன் இஷ்டம்" என்கிற வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று நான்கு வருடக் குடித்தனத்தில் உங்களுக்கே தெரியும். அவரிடம் சம்மதத்தைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். காலையில் தண்ணீர் வைப்பது யார், மழையில் வெளியே கொண்டுபோவது யார், நீங்கள் சிகிச்சைக்குப் போய்ப் படுத்திருக்கும் நாளில் சாப்பாடு யார் என்று கேளுங்கள். அவர் எதையாவது "இதை நான் பாத்துக்கறேன்" என்று தானாக எடுத்துக்கொண்டால் அதுதான் சம்மதம்.

உண்மையில் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். தினமும் ராத்திரி. மதிலுக்கு உள்ளே நின்றுகொண்டு.

செவலை

எங்கள் விளவங்கோடு பக்கம் நாய்க்குப் பட்டி என்று பெயர். "டாக்டரே, சும்மா நாட்டுப் பட்டிதான்" என்று கூச்சத்தோடு சொல்லிக்கொண்டே கொண்டுவருவார்கள், ஏதோ ஜாதகக் குறை போல. உங்கள் செவலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவு: இரண்டு வருடமாக ஒரே வீட்டைச் சுற்றி வருகிறது. குட்டி போட உங்கள் ஷெட்டை நம்பியிருக்கிறது. குட்டிக்காரி நாய் கிட்டே வருபவர்களைக் கடிப்பது சாதாரணம். அது யாரையும் கடித்ததாக நீங்கள் எழுதவில்லை. தன் குட்டிகளைக் கொன்ற நோயைத் தாண்டி நிற்கிறது. நாயைக் கண்டால் சாலை மாறுகிறவர் அதற்குப் பத்தடி தூரத்தில் நிற்கிறார். குணம் தெரியாத 35 நாள் குட்டிக்குப் பணம் கொடுக்கப் பார்த்தீர்கள். இரண்டு வருடம் குணம் பார்த்த நாயை விரட்டச் சொல்கிறீர்கள்.

முனிசிபாலிட்டி பிடித்துக்கொண்டு போகுமா என்றால், போகாது. விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023இன்படி தெருநாயைப் பிடித்தால் கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடவேண்டும். உங்கள் வாசலுக்கே திரும்பி வரும். அடித்து விரட்டுவது, விஷம் வைப்பதெல்லாம் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். நீங்கள் அப்படிச் செய்கிறவர் இல்லை. பக்கத்து வீட்டில் யாராவது யோசனை சொன்னால் பதில் சொல்லத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

செவலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. எடுப்பதென்றால் இந்தச் சிக்கல்களையும் தெரிந்துகொண்டு எடுங்கள். தெருவில் வளர்ந்த நாய்க்கு உண்ணி நிச்சயம், உண்ணி மூலம் வருகிற டிக் ஃபீவர் இருக்க வாய்ப்பு அதிகம். ஈறு வெளுத்திருக்கிறதா, மூக்கில் ரத்தம் வடிகிறதா என்பதெல்லாம் பிந்திய அடையாளம். ரத்தப் பரிசோதனையில்தான் தெளிவாகும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி என்றால் ஒரு மாதம் மாத்திரை. வயிற்றில் புழு இருக்கும். பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தால் தெருப் பெட்டைகளுக்கு இணைசேர்வதில் பரவும் ஒரு கட்டி உண்டு, அதையும் பார்க்க வேண்டும். ஊசியால் குணமாகிற கட்டிதான். வீட்டுக்குள் படுக்க அதற்குப் பிடிக்காமல் போகலாம். வராந்தாவில் ஒரு சாக்கு போதும் என்று அது முடிவு செய்துவிட்டால் உங்கள் சோபா ஆசை நடக்காது.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் காதைப் பாருங்கள். நுனி வெட்டியிருந்தால் கருத்தடை ஆனது என்று பொருள். உங்கள் செவலைக்குப் போன வருடம்தான் குட்டி என்பதால் அநேகமாக இருக்காது. அடுத்து ரேபிஸ் ஊசி. ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு வருடம் ஒன்று. ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, எதிர்ப்பு சக்தி முழுதாக ஏற மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை நகம் கீறினாலும் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கான மருந்தும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வாய்க்காலும் வயலும் எலியும் உள்ள ஊரில் அது இல்லாமல் மழைக்காலத்தைக் கடத்தக் கூடாது. நாயிலிருந்து மனிதருக்கும் வரக்கூடிய நோய் அது.

மூன்றாவது கருத்தடை. "பெட்டை வேண்டாம், தொல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தொல்லை வருடத்துக்கு இரண்டு தடவை வரும் பருவத்தில்தான், ஒவ்வொரு முறையும் மூன்று வாரம். மதிலைச் சுற்றி ஊர் ஆண் நாய்களெல்லாம் கூடும். 63 நாளில் குட்டி. அறுவை செய்துவிட்டால் இது எல்லாம் நின்றுவிடும், வயதான பெட்டைகளைக் கொல்கிற கர்ப்பப்பைச் சீழும் வராது. காலையில் வெறும் வயிற்றோடு கொண்டுபோய் விட வேண்டும். அறுவை முடிந்து பத்து நாள் அது தையலை நக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. அந்தப் பத்து நாள் உங்கள் பள்ளி விடுமுறையில் விழட்டும்.

பழகுவதற்கு அவசரம் காட்ட வேண்டாம். இப்போது மதிலுக்கு வெளியே விழுகிற மீன் தலை ஒரு வாரம் கேட்டுக்கு உள்ளே விழட்டும். அடுத்த வாரம் ஒரு தட்டில். கணவர் உட்கார்ந்திருக்கட்டும், பக்கவாட்டாக, அதன் கண்ணைப் பார்க்காமல். நிற்கிற ஆளைவிட உட்கார்ந்திருக்கிற ஆளிடம் நாய் சுலபமாக வரும். தலைமேல் கை வைக்க வேண்டாம். கையைக் கீழே தொங்கவிட்டால் அதுவாக வந்து முகரும். என்றைக்குத் தொடுவது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். நீங்கள் ஜன்னலிலிருந்து "தொடுங்க, தொடுங்க, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லாமல் இருந்தால் பெரிய உபகாரம்.

மாமியார் சொன்னது

நாய் முடி வயிற்றுக்குள் போய்க் கருவைத் தடுக்காது. விழுங்கினால் மலத்தோடு வெளியே போய்விடும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்திலிருந்து வருவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு நாய் மேல் பழி போட்டுவிடுகிறார்கள். நாயிடமிருந்து வரக்கூடியது குடற்புழு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதற்குப் புழு மருந்து கொடுங்கள். மலத்தை அள்ளுகிற வேலை கணவருடையதாக இருக்கட்டும். சாப்பிடும் முன் கை கழுவுங்கள். கசாப்புக் கடையிலிருந்து பச்சைக் குடல், ஈரல் வாங்கிப் போட வேண்டாம். அதில் வேறொரு புழு உண்டு, மனித ஈரலில் நீர்க்கட்டி வரவழைப்பது. உங்களுக்குச் சிகிச்சை தருகிற டாக்டரிடமும் வீட்டில் நாய் இருக்கிறது என்று சொல்லிவைத்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் நாய் கடித்தால் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ளலாம், போட்டே ஆக வேண்டும்.

மாமியாரிடம் இதையெல்லாம் வாதாட வேண்டாம். அவர் பயம் நாயைப் பற்றியது இல்லை, பேரப்பிள்ளையைப் பற்றியது. "டாக்டரிடம் கேட்டேன், புழு மருந்து கொடுக்கச் சொன்னார்" என்ற ஒரு வரி போதும். குழந்தை பிறந்த பிறகு ஒரு விதி மட்டும் மாறாதது: குழந்தையையும் நாயையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகக் கூடாது.

மாடி அக்காவிடம் "பாத்துக்கலாம்" என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி, நாய் வளர்க்கச் சம்மதம் என்று. முடியாது என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாவது. நாயோடு வீடு மாறவேண்டி வந்து, அதைத் தெருவில் விட்டுவிட்டுப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டுமா என்று முனிசிபாலிட்டியில் கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டை எப்படியும் கேட்பார்கள்.

வாங்க வேண்டியவை

பட்டியல் சின்னதுதான். கழுத்துப் பட்டை, சங்கிலிக்குப் பதில் கனமான துணிக் கயிறு, இரண்டு எவர்சில்வர் பாத்திரம், ஒரு சாக்கு அல்லது பழைய மெத்தை. வாங்குவதைவிட அகற்ற வேண்டியவைதான் அதிகம். எலி விஷம் வீட்டில் எங்கேயும் இருக்கக் கூடாது. பச்சை மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) அதன் தோலும் வேண்டாம், அதில் சயனைடு வகை நஞ்சு உண்டு. நாம் அவித்து ஊற்றுகிற தண்ணீரையும் வைக்காதீர்கள். அவித்து வடித்த கிழங்கு கொஞ்சம் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நான்கும் ஆகாது. அதாவது நம் வீட்டு மீன்குழம்பைச் சோற்றில் பிசைந்து போடுவது நாய்க்கு நல்லதில்லை. உப்புப் போடாமல் அவித்த சாளை, கஞ்சிச் சோறு, ஒரு முட்டை போதும். நெய்மீன், சூரை மாதிரிப் பெரிய மீனின் முள்ளும், வேகவைத்த கோழி எலும்பும் குடலைக் கிழிக்கும். காய்ச்சல் என்று நினைத்து நீங்களாகப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். முட்டம், குளச்சல் பக்கம் கடற்கரைக்கு அழைத்துப்போனால் இரை மாட்டிய தூண்டில் முள் மணலில் கிடக்கும், கயிற்றை விடாதீர்கள். அருமனைக்குப் போனால் ரப்பர் சருகுக்குள் மூக்கை விடும். விரியன் இருக்கிற இடம், உங்களுக்குத் தெரியாததில்லை.

வெடிச்சத்தம் தனிக் கதை. நம் மாவட்டத்தில் கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று வருடம் முழுக்க எங்காவது வெடித்துக்கொண்டே இருக்கும். ஜனவரி ஒன்றாம் தேதி காலை எனக்கு வருகிற அழைப்பில் பாதி "நாயைக் காணோம் டாக்டர்" என்பதுதான். அந்த இரவுகளில் உள்ளறையில் விட்டு, மின்விசிறியை வேகமாக வைத்து, கூட ஒருவர் இருங்கள்.

இதில் எதையும் கல்யாண நாளுக்குள் முடிக்க வேண்டியதில்லை. இன்று ராத்திரி அவர் மதிலோரம் போகும்போது நீங்களும் கூடப் போய் நில்லுங்கள். புரோக்கருக்குக் கொடுத்த அட்வான்ஸைப் பற்றியும் அங்கேயே சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துச் செவலை கேட்டுக்குள் வந்து சாப்பிடத் தொடங்கியதும் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கு முதல் ஊசிக்குக் கொண்டுபோகலாம். ஆட்டோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சிலர் நாயை ஏற்ற மாட்டார்கள். ஒரு வாழையிலையில் நாலைந்து சாளைத் தலையைப் பொதிந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டு முடிந்ததும் அதை அவர் கையால் கொடுக்கட்டும்.